நம்பர் இல்லாத குறை

பதினெட்டுக் கேள்வி. பதினெட்டும் ஹேவ் என்ற ஒரே சொல்லில் தொடங்கின. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மேனேஜர் அந்தத் தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு பேக்கிங் பக்கம் வந்த அன்று மழை பிடித்து ஐந்தாவது நாள். ஷூ பெட்டிகளின் மேல் போகிற ஊரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் நின்றுகொண்டே எழுதுகிற வேலை. பேக்கிங்கில் யாருக்கும் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கை மெதுவாகும் என்பது மேனேஜர் கண்டுபிடித்தது.

"நீ இங்கிலீஷ்ல பி.ஏ.தானே?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன்யா பெட்டி மேல எழுதிக்கிட்டிருக்க?"

மேனேஜர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாளை நீட்டினார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வருஷம் ஒரு முறை ஓர் அம்மாள் சோதனைக்கு வருவாள். தொழிலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தக் கேள்விகளைக் கேட்பாள். போன வருஷம் கம்பெனியே ஒரு மொழிபெயர்ப்பாளனைப் பிடித்துக் கொடுத்தது.

"அந்தம்மா, வேலை எப்படின்னு கேட்டா, இவன் நம்ம பொண்ணுகிட்ட நல்லா இருக்குன்னு சொல்லுன்னு சொல்லியிருக்கான். அந்தம்மாவுக்கு எப்படியோ வாடை அடிச்சிருச்சு. இந்தத் தடவை மொழிபெயர்ப்பே வேணாம், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட நேரா பேசிக்கிறேன்னுட்டா. இருபது பேர் இருக்காங்கன்னு நானும் எழுதிப் போட்டுட்டேன்."

"இருக்காங்களா சார்?"

"மூணு வாரத்துல இருப்பாங்க."

அவன் தாளைப் படித்தான். உங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்களா, கையுறை தந்திருக்கிறார்களா, வேலையால் உடம்பு கெட்டிருக்கிறதா. எல்லாம் ஒரே வார்ப்பு.

"இதுக்கு என்னமோ பேர் இருக்குமே?"

"பிரசன்ட் பெர்ஃபெக்ட் சார்."

"பெர்ஃபெக்ட். அதான் வேணும்." மேனேஜர் கிளம்பினார். நாலு அடி போய்த் திரும்பினார். "நல்லபடியா முடிஞ்சா ஆபீஸ்ல ஒரு மேசை காலியா இருக்கு. நாற்காலியோட."

அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்கு வாத்தியார் என்று பேர் விழுந்துவிட்டது.

*

வகுப்பு கேன்டீனில் நடந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு இருபது நிமிஷம். பள்ளிக்கூடம் முடித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கிய இருபது பேர். பதினேழு பேர் பெண்கள். அதில் முக்கால்வாசி சோல் ஒட்டுகிற மேசை. வாத்தியாரின் மனைவியும் அந்த மேசைதான். ஒட்டுகிற பசையை எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள். அவர்கள் உள்ளே வந்தால் சொல்யூஷன் வாடையும் கூடவே வந்து பெஞ்சில் உட்காரும். விரலில் காய்ந்ததை உரித்து, மிளகு அளவு உருட்டி, மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டே பாடம் கேட்பார்கள்.

முதல் நாள் அவன் கல்லூரியில் கேட்ட மாதிரியே நடத்தினான். எழுவாய், துணைவினை, இறந்தகால எச்சம். இருபது பேரும் மரியாதையாகத் தூங்கினார்கள். மறுநாள் சாக்பீஸை வைத்துவிட்டுக் கேட்டான்.

"லைன்ல முதல் மேசைல என்ன வருது?"

"வெட்டின தோல்."

"ரெண்டாவது?"

"தைச்சது."

"மூணாவது?"

"நாங்க ஒட்டினது. முழு ஷூ."

"எது கப்பல் ஏறும்?"

"எங்க மேசைச் சரக்குதான்," என்றாள் வெடிவாய். அவள் பேச ஆரம்பித்தால் கேன்டீன் தட்டெல்லாம் அதிரும். அதனால் வந்த பேர்.

"இங்கிலீஷ் வினைச்சொல்லும் அப்படித்தான். கோ, வென்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். மூணு மேசை. மூணாவது மேசையில இருந்து வர்றதை மட்டும்தான் பெட்டியில வைக்கணும். ரெண்டாவதைத் தூக்கிட்டு வந்து ஐ ஹேவ் வென்ட்னு சொன்னா, அது குறை."

"பெட்டி எது?"

"ஹேவ்தான் பெட்டி. நான், நீ, நாம, அவங்க, எல்லாருக்கும் ஹேவ். அவன், அவள், அது, இந்த மூணுக்கும் ஹாஸ்."

"அவனுக்கும் அவளுக்கும் மட்டும் எதுக்கு வாத்தியாரே தனிப் பெட்டி? புதுசா கல்யாணம் ஆனவங்களா?"

"அப்ப கூட இருக்கிற அது?" என்றது வேறொரு குரல்.

"அது மாமியாரா இருக்கும்," என்றாள் வாத்தியாரின் மனைவி.

கேன்டீன் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தான். அன்றிலிருந்து பாடம் ஏறியது. ஹேவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நாட் வைத்தால் நடக்கவில்லை என்று அர்த்தம். ஹேவை முன்னால் தூக்கிப் போட்டால் கேள்வி. ஒரு வாரத்தில் இருபது பேரும் மெஷின் சத்தத்துக்குத் தாளமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார்கள். டேக், டுக், டேக்கன். கிவ், கேவ், கிவ்வன்.

பதில்களை மேனேஜரே எழுதிக் கொடுத்திருந்தார். ஐ ஹேவ் ரிசீவ்ட் கிளவ்ஸ்.

"கிளவ்ஸ்னா?"

"கையுறை."

"யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களாடி?"

"சோதனைக்கு வர்ற அன்னிக்குக் குடுப்பாங்க," என்றாள் மனைவி. "சாயங்காலம் திருப்பி வாங்கிக்குவாங்க."

"அப்ப ரிசீவ்ட் சரிதான்," என்றாள் வெடிவாய். "வாங்கிட்டுத்தானே குடுக்கிறோம்."

பன்னிரண்டாவது கேள்வி, வேலையால் எப்போதாவது உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறதா என்பது. பதில்: ஐ ஹேவ் நெவர் ஃபெல்ட் இல், அதாவது போனதே இல்லை. கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்பது. அதில் வருவது வேறு ஹேவ், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றான் வாத்தியார். அதற்குப் பதில்: நோ, தேங்க் யூ.

யாராவது தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் துண்டுத்தாளில் குறைச் சீட்டு எழுதி அவர்கள் முன்னால் வைப்பார்கள். லைனில் அதுதான் வழக்கம். ஷூவில் பிசகு இருந்தால் சீட்டில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். என்ன குறை, யாருடைய நம்பர். ஆளாளுக்குக் கழுத்தில் டோக்கன் தொங்கும். அவன் நம்பர் நூற்று எண்பத்தாறு. அவள் இருநூற்றுப் பன்னிரண்டு. நம்பர் போடாத சீட்டை ரிப்பேர் மேசை கையால் தொடாது. நம்பர் இல்லையென்றால் குறையே இல்லை.

*

வீட்டுக்கு நடந்துதான் போவார்கள். மழையில் ஒரே குடை. அவன் ஒரு பக்கத் தோள் நனையும், அவள் ஒரு பக்கத் தோள் நனையும்.

"செருப்பு," என்றான் அவன்.

அவள் குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்கால். செருப்பு முப்பது அடிக்குப் பின்னால் சேற்றில் கிடந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

"கழண்டதே தெரியலைங்க."

திரும்பிப் போய்க் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நுழைத்தாள். ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி.

வீடு இரண்டு அறை. தகரக் கூரையில் மழை கொட்டினால் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். அவன் அம்மா கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுப்பவள். மாவுப் பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அறை முழுக்கப் பைகளைப் பரப்பி வைத்திருப்பாள்.

"வந்தாச்சா? ஷூ கம்பெனில வேலைன்னு பேரு, கால்ல செருப்பு நிக்க மாட்டேங்குது," என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் ஒட்டுறவ உனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கடி."

"அத்தை, ஐ ஹேவ் ஹர்ட் திஸ் பிஃபோர்."

"என்னடா சொல்றா இவ?"

"ஹர்ட் இல்ல, ஹேர்ட்," என்றான் அவன். "இதை ஏற்கனவே கேட்டாச்சுங்கிறா."

"கேட்டா போதுமா? காலைக் காட்டணும் டாக்டர்கிட்ட."

காட்டியாகிவிட்டது. கம்பெனி நர்ஸ், சத்துக் குறைவு என்று சிவப்பு மாத்திரை கொடுத்தாள். வெளியில் ஒரு டாக்டர் கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாகக் குத்தினார். எப்போது குத்துகிறார் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். ஜன்னல் உண்டா என்று கேட்டார். ஈரக் காற்று பட்டால் பசை பிடிக்காது, அதனால் மழைக்காலத்தில் ஜன்னல் திறப்பதில்லை என்றாள். காற்றை வெளியே இழுக்கிற ஃபேனாவது இருக்கிறதா? இருந்தது, மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்றிப் போனவர்கள் திரும்பி வரவில்லை, அந்த ஓட்டையில் அட்டை அடைத்திருக்கிறது. டாக்டர் பேனாவை மூடினார். இப்போதே அந்தக் காற்றை விட்டு வெளியே வந்தால் கால் திரும்பும், இன்னும் ஆறு மாதம் போனால் திரும்பாது, அப்புறம் கை என்றார்.

வேறு மேசைக்கு மாற்றுங்கள் என்று அவள் மேனேஜரிடம் கேட்டாள். எல்லோரும் வேறு மேசைக்குப் போய்விட்டால் சோலை யார் ஒட்டுவார்கள், நானா என்று கேட்டார்.

அன்று குளிக்க வெந்நீர் கொதித்தது. அவள் துணியால் பாத்திரத்தைப் பிடித்து வாளியில் ஊற்றினாள். வாய் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐ ஹேவ் நெவர் ஃபெல்ட் இல். ஐ ஹேவ் நெவர் ஃபெல்ட் இல். ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணாங்க இதுக்கு?

"அய்யய்யோ, கால்டி!" அம்மா பசைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

பாதி வெந்நீர் வாளியில் விழுந்தது. பாதி அவளுடைய இடது பாதத்தின் மேல் விழுந்து ஆவி பறந்தது. அவள் குனிந்து, அது யாருடைய கால் என்பது போலப் பார்த்தாள். தோல் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலெழும்பியது. அவள் கத்தவில்லை. வலித்தால்தானே கத்துவதற்கு.

காலில் மருந்து தடவி உட்கார வைத்தார்கள். சோற்றையும் முட்டையையும் அம்மாவே பிசைந்து கொடுத்தாள். இரண்டு கவளம் விழுங்கிவிட்டு அவள் அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, பதினெட்டாவது கேள்விக்கு எனக்கு வேற பதில் வேணும்."

"நோ தேங்க் யூதான் பதில்."

"அது மேனேஜர் பதில். என் கால்ல உணர்ச்சி போயிடுச்சுன்னு எப்படிச் சொல்லணும்?"

"எதுக்கு?"

"அந்தம்மாகிட்டச் சொல்லத்தான். எங்க மேசைல இன்னும் ஏழு பேருக்கு இப்படித்தான். வெடிவாய் நேத்து பின் எடுத்துக் குத்திப் பார்த்துட்டா, ஒண்ணும் தெரியலை. அந்தம்மா எழுதினா ஃபேன் வரும்ல?"

"ஆர்டரை நிறுத்திட்டா? முந்நூறு பேர் வீட்ல உட்காரணும்."

"உன் நாற்காலியில நீ உட்கார முடியாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா, பையின் ஓரத்தை மடித்துக்கொண்டே.

மழை கொஞ்ச நேரம் தகரத்தில் பேசியது. பிறகு அவன் சொன்னான். சொல்லித் தந்ததற்கு என்ன காரணம் என்று பின்னால் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். அந்த வாக்கியம் அவ்வளவு கச்சிதமாக மனதில் வந்து நின்றதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

"லூஸ், லாஸ்ட், லாஸ்ட். ஐ ஹேவ் லாஸ்ட் தி ஃபீலிங் இன் மை ஃபீட்."

"இதுவும் ரெண்டாவது மேசையிலேயே முடிஞ்சிடுதா?"

"சில சரக்கு அப்படித்தான்."

அவள் திரும்பச் சொன்னாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள். பாய் விரிக்கும்போது சொன்னாள். அவள் எங்கே சொல்லப் போகிறாள், அந்த இடத்தில் வாய் அடைத்துவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

*

சோதனை அன்று வெயில் அடித்தது. ஒட்டுகிற மேசைக்கு மேலே புது ஃபேன் ஓடியது. வாடகைக்கு எடுத்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. எல்லோர் கையிலும் மஞ்சள் உறை. வெடிவாய் இரண்டு கையையும் தூக்கி, "வாத்தியாரே, ஐ ஹேவ் பிகம் எ டக்," என்றாள். மஞ்சள் உறைக்குள் விரல்கள் வாத்தின் கால் மாதிரித்தான் இருந்தன.

வந்த அம்மாள் நரைத்த தலை, மெல்லிய குரல். ஒவ்வொருவர் பேரையும் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். அப்படியொரு மரியாதையை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு மேசை, மூன்று நாற்காலி போட்டிருந்தது. மேனேஜர் உள்ளே வரக்கூடாது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கலாம் என்று சொல்லிவிட்டாள். வாத்தியாரை மட்டும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வார்த்தை சிக்கினால் எடுத்துக் கொடுக்கலாம், பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஆறு பேர் வந்து போனார்கள். எல்லாம் பெட்டிக்குள் அழகாக அடுக்கிய சரக்கு. அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தி உயர்த்தி எழுதிக்கொண்டாள்.

ஏழாவதாக அவன் மனைவி வந்தாள். பதினேழு கேள்விக்கும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். பன்னிரண்டாவதுக்கு, ஐ ஹேவ் நெவர் ஃபெல்ட் இல், என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தன் கணவனைப் பார்க்கவில்லை. பதினெட்டாவது கேள்வி வந்தது. அவள் உறையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஐ ஹேவ் லாஸ்ட் தி ஃபீலிங் இன் மை ஃபீட்."

ஒரு எழுத்து பிசகவில்லை.

அந்த அம்மாளின் பேனா நின்றது. அவள் பக்கம் குனிந்தாள். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, இவள் என்ன சொல்கிறாள், இது இவளுக்கு நடந்ததா என்று கேட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவர் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவன் உட்கார்ந்திருந்தது கைப்பிடி வைத்த நாற்காலி. முதுகு சாய்ந்துகொள்ள வாகாக இருந்தது.

"இல்லை மேடம்," என்றான் நல்ல ஆங்கிலத்தில், வேகமாக. "அது எடுத்துக்காட்டு. இந்த வாரம் லூஸ் என்ற வினைச்சொல் நடத்தினோம். பயிற்சி வாக்கியம் சொல்லிக் காட்டுகிறாள். கெட்டிக்காரி."

அந்த அம்மாள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு முகம் இளகியது. சிரித்தாள். என்ன விசித்திரமான உதாரணம், எங்கள் பள்ளிக்கூடத்தில் எப்போதும் குடையைத்தான் தொலைப்போம் என்றாள். அவன் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளும் சிரித்தாள். இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயே, உன் பாடத் தாளை எனக்கு ஒரு பிரதி கொடு, எங்கள் தலைமை அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்றாள் வாத்தியாரிடம்.

பாடத் தாள் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் உட்கார்ந்து எழுதினான். ஐ ஹேவ் லாஸ்ட் மை அம்ப்ரெல்லா. ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ. மூன்றாவதாக மனைவியின் வாக்கியம். எழுதாமல் விட்டால் அந்த அம்மாள் கேட்பாள். மேலே எக்ஸாம்பிள்ஸ் என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டான்.

சாயங்காலம் கையுறைகளை மூட்டையில் திருப்பி வாங்கினார்கள். ஃபேன்காரன் ஏணியோடு வந்தான்.

*

"என்னங்க சொன்னாங்க அந்தம்மா?" நடந்து வரும்போது கேட்டாள்.

"எழுதிக்கிட்டாங்க."

"சிரிச்சாங்களே?"

"உன் இங்கிலீஷைப் பார்த்து. நல்லாப் பேசறேன்னாங்க."

"நீங்க என்னமோ நீளமாச் சொன்னீங்களே?"

"விளக்கிச் சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவன், "செருப்பு," என்றான். அவள் திரும்பிப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அவன் ஆபீஸில் உட்கார்ந்தான். டோக்கனைக் கழற்றி ஸ்டோரில் கொடுத்துவிட்டான். ஆபீஸ் ஆட்களுக்கு நம்பர் கிடையாது. நூற்று எண்பத்தாறை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டான். நின்று நின்று வீங்கியிருந்த அவன் கால் இரண்டு வாரத்தில் வடிந்தது.

வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் அந்தப் பாடத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கேன்டீன் சுவரில் ஒட்டச் சொன்னார். அடுத்த வருஷத்துக்கு நாற்பது பேர் வேண்டும் என்றார். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை மூடினார்கள். அட்டை ஓட்டைக்குத் திரும்பியது.

நாற்பது பேரும் சாப்பாடு முடிந்து சுவரைப் பார்த்துக் கோரஸாகச் சொன்னார்கள். குடையைத் தொலைத்தார்கள், சாவியைத் தொலைத்தார்கள். மூன்றாவது வரி வரும்போது ஒட்டுகிற மேசைக்காரிகளின் குரல் மட்டும் மற்றவர்களை விட்டு விலகி, சத்தமாக வரும். வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்து உட்காருவாள்.

ஒரு புதன்கிழமை அவள் எழுந்து போய், தோலில் குறி போடுகிற நீலப் பேனாவால், மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் 212 என்று எழுதினாள். எழுதிவிட்டு வந்து சாப்பிட்டாள்.

"என்னடி அது?" என்றாள் வெடிவாய்.

"குறை எழுதியிருக்கு. நம்பர் இல்லையே."

வெடிவாய் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தன் நம்பரையும் எழுதினாள். மறுநாள் ஒன்பது நம்பர். வகுப்புக்கே வராதவர்கள், அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போய் எழுதினார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, கத்தவில்லை. சோற்றுக்கு வரிசையில் நிற்பது மாதிரி நின்று எழுதினார்கள். சனிக்கிழமை முப்பத்தொரு நம்பர் இருந்தது. தாள் போதாமல் சுவரில் இறங்கியிருந்தது.

*

மேனேஜர் கோபப்படுவார் என்று அவன் நினைத்திருந்தான். அவர் சிரித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீட்டு. முப்பத்தொரு நம்பரையும் பார்த்து எழுதி வாங்கியிருந்தார்.

"நடக்க முடியாததுங்க யாரு யாருன்னு கண்டுபிடிக்கணும்னு நானே நினைச்சிட்டிருந்தேன். லைன் மெதுவாப் போகுது, யாரால போகுதுன்னு தெரியலை. டாக்டரை வெச்சுப் பார்த்தாக்கூட இவ்வளவு சுத்தமா வராதுய்யா. தானா வந்து எழுதிக் குடுத்திருக்குதுங்க."

அவன் எழுந்து நின்றான்.

"உட்காரு, உட்காரு. ஆர்டர் குறைவு, ஆள் குறைப்புன்னு ஆளுக்கொரு லெட்டர் அடி. இங்கிலீஷ்லயே அடி, ஒரு காப்பி அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போகணும். ஒரு வரி போதும்."

"சார், இதுல எங்க வீட்ல..."

"தெரியும்பா. அதான் உன்கிட்டயே குடுக்கிறேன். வேற ஆள் அடிச்சா உனக்கு மனசு கஷ்டப்படும்ல?"

அவன் அடித்தான். யுவர் சர்வீஸ் ஹாஸ் பீன் டெர்மினேட்டட். உங்கள் வேலை முடிக்கப்பட்டுவிட்டது. முப்பத்தொரு தடவை. இருநூற்றுப் பன்னிரண்டு வரும்போது கை நின்றுவிடும் என்று நினைத்தான். நிற்கவில்லை. மற்றதைப் போலவே அதுவும் ஒரு வரி.

"சுவரையும் நீயே சுரண்டிடு," என்றார் மேனேஜர் கிளம்பும்போது. "அப்புறம், உன் வீட்டுக்காரியோடதைக் கையோட கொண்டு போயிடு. ஒரு கவர் மிச்சம்."

தாளைக் கிழித்தான். தாளுக்குக் கீழே சுவரில் இருந்த நீல எண்களைக் கரண்டியால் சுரண்டினான். சுண்ணாம்பு உதிர்ந்தது, நீலம் முழுக்கப் போகவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா பை ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்து மடிப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலில் வெந்நீர்ப் புண்ணைப் பழுக்க விட்டுவிட்டதால் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. விரல் சில மடிப்பில் தவறியது. அதை அம்மா பார்க்காத மாதிரி திருத்தினாள்.

அவன் கடிதத்தைக் கொடுத்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள்.

"ஹாஸ். பீன். டெர்மினேட்டட்." நிமிர்ந்தாள். "சரியாத்தான் இருக்கு. நீங்க அடிச்சதுதானே?"

"ம்."

"என்னடா அது?" என்றாள் அம்மா.

"என்னை நிறுத்திட்டாங்க அத்தை. உங்க புள்ளைதான் எழுதியிருக்காரு. நல்ல இங்கிலீஷ்."

அம்மா பசை தோய்ந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். "உனக்குச் சோறு போட்டேன் பாரு இந்தக் கையால," என்றாள். அடுத்த பையை எடுத்தாள்.

"எல்லாருக்குமா?" என்று கேட்டாள் மனைவி.

"முப்பத்தோரு பேருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தகரத்தில் தூறல் ஆரம்பித்தது.

"அன்னிக்கு ஸ்டோர் ரூம்ல நீங்க வேகமாப் பேசினீங்கல்ல? எனக்கு அதுல ஒரு வார்த்தை தெரியும். எக்ஸாம்பிள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புஸ்தகத்துல எல்லாப் பக்கத்துலயும் இருக்கும்."

அவன் நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான்.

"அப்புறம் சுவர்லயும் அதே வார்த்தையை மேல போட்டீங்க. எடுத்துக்காட்டுன்னா அது யாருக்கும் நடந்ததில்ல. யாருக்கோ நடந்திருக்குன்னா அங்க நம்பர் இருக்கணும். அதான் போட்டேன். பின்னாடி அவளுங்களும் போட்டாளுங்க. என்னாலதான் அவளுங்களுக்குப் போச்சு." கடிதத்தைத் திருப்பி அவனிடம் நீட்டினாள். "இது எடுத்துக்காட்டா, நெசமா?"

"நெசம்."

பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்தாள். எடுக்கிறபோது அது இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. மூன்றாவது தடவை, பார்த்துப் பிடித்துக் கொடுத்தாள்.

"அப்பக் கீழ நம்பர் போடுங்க. யார் செஞ்சதுன்னு தெரிய வேணாமா?"

அவன் பேனாவை வாங்கினான். கடிதத்தைச் சுவரில் வைத்து அழுத்தினான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அவனுக்கு நம்பர் இல்லை என்று.